ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரிகளின் வெள்ளிப் பாத்திரங்கள்: பதிவேட்டில் முதல்முறை கைவைப்பவர்களுக்கு

கல்லூரியின் வெள்ளி அறைக்குள் முதல்முறை நுழைகிறவரின் கண் நேராகப் பெரிய பாத்திரத்துக்குத்தான் போகும். ஆக்ஸ்ஃபோர்டு ஜீசஸ் கல்லூரியில் ஒரு பஞ்ச் கிண்ணம் இருக்கிறது. 1732இல் சர் வாட்கின் வில்லியம்ஸ் வின் கொடுத்தது. பத்து கேலன் பிடிக்கும். எடை 200 அவுன்சுக்கும் மேல். அப்படி ஒன்று எதிரே மினுங்கும்போது, பக்கத்து அலமாரியில் கிடக்கும் தோல் அட்டை நோட்டை யார் புரட்டுவார்கள்? ஆனால் உங்களிடம் ஒப்படைத்திருக்கும் வேலை அந்த நோட்டில்தான் தொடங்குகிறது. இந்தக் கல்லூரிகளில் வெள்ளி பலமுறை உருகியிருக்கிறது, மறுபடி பாத்திரமாகியிருக்கிறது, திரும்பவும் உருகியிருக்கிறது. காகிதம்தான் பெரும்பாலும் இடத்தை விட்டு நகராமல் இருந்திருக்கிறது.

அப்படியானால் நோட்டின் இந்த வரி இந்தப் பாத்திரத்தைத்தான் சொல்கிறது என்று எப்படி உறுதிசெய்வது? எடையை வைத்து. ஒரு கல்லூரிக் காப்பகத்தில் சில ஆண்டுகள் இந்தப் பதிவேடுகளோடு உட்கார்ந்திருந்த பிறகு, புதிதாக வருகிற எவருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்: அழகையும் பெயரையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் தராசை எடுங்கள்.

தொடங்குமுன் தெரிந்திருக்க வேண்டிய கொஞ்சம் வரலாறு

கல்லூரிக்கு வெள்ளி வந்த வழிகள் சில. நிறுவியவர் கொடுத்தது ஒன்று. பழைய மாணவர்களும் ஆயர்களும் அன்பளிப்பாகக் கொடுத்தது இன்னொன்று. மூன்றாவது வழியில்தான் எண்ணிக்கை அதிகம். வசதியான வீட்டுப் பிள்ளைகள் தனிச் சலுகைகளோடு கல்லூரியில் சேருவார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் அவர்களுக்கு ஜென்டில்மேன் காமனர் என்று பெயர், கேம்பிரிட்ஜில் ஃபெலோ காமனர். இவர்கள் ஒரு வெள்ளிப் பாத்திரம் கொடுக்க வேண்டும் என்பது வழக்கமாக இருந்தது. மூடியும் கைப்பிடியும் வைத்த டாங்கர்டு குவளை, இரண்டு கைப்பிடிக் கோப்பை போன்றவை இப்படிச் சேர்ந்தவை. பாத்திரத்துக்குப் பதில் பணமாகவே வாங்கிக்கொண்ட காலமும் உண்டு. ஆகவே நோட்டில் ஒருவர் பெயருக்கு நேராக ஒரு தொகை மட்டும் இருந்தால், அவர் கொடுத்த பாத்திரத்தைத் தேடி அலையாதீர்கள். அப்படி ஒரு பாத்திரம் இருந்ததே இல்லாமலிருக்கலாம்.

வெள்ளி வெளியே போன வழிதான் கனமானது. இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரின்போது முதலாம் சார்லஸ் மன்னர் ஆக்ஸ்ஃபோர்டைத் தலைநகராக்கிக்கொண்டார். 1643 ஜனவரியில் கல்லூரிகளின் வெள்ளியைக் கடனாகக் கேட்டு எழுதினார். முலாம் பூசாத வெள்ளிக்கு அவுன்சுக்கு 5 ஷில்லிங், தங்க முலாம் பூசியதற்கு 5 ஷில்லிங் 6 பென்ஸ் என்று திருப்பித் தருவதாக வாக்கு. நியூ இன் ஹால் என்ற கட்டடத்தில் நாணயச் சாலை நடந்தது. அந்த இடம் இன்று செயின்ட் பீட்டர்ஸ் கல்லூரிக்குள் இருக்கிறது. பரிசுக் கோப்பைகளும் உப்புக்கலங்களும் அங்கே படைக்குக் கூலி கொடுக்கும் காசாயின. 1644ஆம் ஆண்டு கிரவுன் நாணயம் ஒன்றில், மன்னரின் குதிரைக்குக் கீழே ஆக்ஸ்ஃபோர்டு நகரமே சின்னதாகச் செதுக்கப்பட்டிருக்கும். அதை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அந்த நகரத்துக் கல்லூரிகளின் வெள்ளி அந்தக் காசுகளுக்குள் போயிருக்கிறது.

கேம்பிரிட்ஜுக்கும் 1642 கோடையிலேயே இதே கோரிக்கை வந்தது. அப்போது அந்நகரின் பாராளுமன்ற உறுப்பினராக இருந்த ஆலிவர் கிராம்வெல் வழியில் மறிக்கப் பார்த்தார். கொஞ்சம் மன்னரிடம் போய்ச் சேர்ந்தது.

இதில் தப்பியவற்றைப் பார்த்தால் ஒன்று புலப்படும். ஆக்ஸ்ஃபோர்டு குயின்ஸ் கல்லூரியின் 14ஆம் நூற்றாண்டு எருதுக்கொம்புப் பானக்கலம், தேங்காய்ச் சிரட்டைக்கு வெள்ளிக் கட்டு போட்ட கோப்பைகள், மரத்தில் கடைந்து விளிம்புக்கு மட்டும் வெள்ளி வைத்த மேசர் கிண்ணங்கள் போன்றவை நிறையத் தங்கின. உருக்கினால் தேறுவது சொற்பம் என்பதும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். இதற்கு விலக்கு ஆக்ஸ்ஃபோர்டு கார்ப்பஸ் கிறிஸ்டி. 1517இல் அதை நிறுவிய ஆயர் ரிச்சர்ட் ஃபாக்ஸின் செங்கோலும், உப்புக்கலமும், 1507ஆம் ஆண்டு முத்திரை கொண்ட தங்கத் திருப்பலிக் கிண்ணமும் இன்னும் அங்கேயே இருக்கின்றன.

படி 1: நோட்டுகளை அடையாளம் காணுங்கள்

ஒரே ஒரு பதிவேடு இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கொடையாளர்களின் பெயரை அழகிய கையெழுத்தில், சில சமயம் கேடயச் சின்னங்களோடு எழுதிய கொடையாளர் ஏடு ஒன்று இருக்கும். அது பெருமைக்காக எழுதியது. கொடுத்ததைச் சொல்லும், பின்னால் என்னவானது என்று சொல்லாது. கல்லூரியின் பணப் பொறுப்பாளரான பர்சரின் வரவு செலவுக் கணக்கில் தட்டாருக்குக் கொடுத்த கூலி இருக்கும். பாத்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் பணியாளரான பட்லர் பொறுப்பேற்கும்போதும் ஒப்படைக்கும்போதும் எழுதி இருதரப்பும் ஒப்பமிட்ட பட்டியல்கள் தனி. இந்த மூன்றிலும் நான் அதிகம் நம்புவது பட்லர் பட்டியலைத்தான். ஒரு கரண்டி குறைந்தாலும் அவர் பதில் சொல்ல வேண்டும் என்பதால் அதில் எண்ணிக்கை துல்லியமாக இருக்கும்.

எல்லாவற்றையும் ஒரே தாளில் காலவரிசையில் எழுதிக்கொள்ளுங்கள். எந்த ஏட்டின் எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தீர்கள் என்பதை ஒவ்வொரு வரியிலும் குறியுங்கள். இது சலிப்பான வேலைதான். ஆனால் இதைத் தவிர்த்தவர்கள் ஆறு மாதம் கழித்து மீண்டும் முதல் பக்கத்திலிருந்து தொடங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

படி 2: சொல்லிலும் தேதியிலும் வழுக்காதீர்கள்

பதிவேட்டில் 'பிளேட்' என்று வந்தால் தட்டு என்று படித்துவிடாதீர்கள். பழைய ஆங்கிலத்தில் அது வெள்ளி, தங்கப் பாத்திரங்கள் அனைத்துக்கும் பொதுப்பெயர். இன்னொரு சிக்கலும் உண்டு. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் செம்பின் மேல் வெள்ளித் தகடு ஒட்டிய ஷெஃபீல்டு பிளேட் வந்தது. 1840இல் எல்கிங்டன் நிறுவனத்தார் மின்முலாமுக்குக் காப்புரிமை பெற்றார்கள். 19ஆம் நூற்றாண்டுப் பட்டியலில் அதே சொல் முலாம் பூசிய சாமானையும் குறிக்கலாம். எடை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கெட்டி வெள்ளிக்குத்தான் எடை எழுதுவார்கள். முலாம் சாமானை எண்ணிக்கையோடு விட்டுவிடுவார்கள்.

'ஒயிட்' என்றால் முலாம் பூசாதது. 'கில்ட்' என்றால் தங்க முலாம். 'பார்சல் கில்ட்' என்றால் அங்கங்கே மட்டும் முலாம். லத்தீனில் எழுதிய ஏடுகளில் 'சாலினும்' உப்புக்கலம், 'கோக்லியாரியா' கரண்டிகள், 'முர்ரா' மேசர் கிண்ணம். பாத்திரத்தின் மேல் 'எக்ஸ் டோனோ' என்று இருந்தால் 'இன்னாரது கொடையிலிருந்து' என்று பொருள். ரோமன் எண்களில் கடைசி ஐ எழுத்தை ஜே போல நீட்டி எழுதுவார்கள். அதை வேறு எழுத்தாக எண்ணிக்கொண்டு குழம்ப வேண்டாம்.

தேதியில்தான் பலர் இடறுகிறார்கள். 1752க்கு முன்பு இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25ஆம் தேதி பிறந்தது. மன்னர் வெள்ளி கேட்டு எழுதிய அந்த ஜனவரி நமக்கு 1643. அவர்கள் ஏட்டில் 1642. சில எழுத்தர்கள் ஆண்டே போடாமல் மன்னரின் ஆட்சியாண்டைப் போட்டுவிடுவார்கள். சார்லஸின் 18ஆம் ஆண்டு என்றால் 1642 மார்ச் 27 முதல் 1643 மார்ச் 26 வரை. ஜனவரி முதல் மார்ச் 24 வரை வரும் எந்தத் தேதியையும் 1642/3 என்பதுபோல இரட்டையாக எழுதுவதே பாதுகாப்பு.

படி 3: எடை போடுங்கள்

இந்தப் படிக்குத் தாராளமாக நேரம் ஒதுக்குங்கள்.

வெள்ளியை டிராய் அவுன்சில் எடை போட்டார்கள். ஒரு டிராய் அவுன்ஸ் 31.1035 கிராம். ஓர் அவுன்சுக்கு 20 பென்னிவெயிட், ஒரு பென்னிவெயிட்டுக்கு 24 கிரெயின். ஆக ஒரு பென்னிவெயிட் ஏறக்குறைய 1.555 கிராம். கடைகளில் காய்கறிக்கும் கறிக்கும் வழங்கிய சாதாரண அவுன்ஸ் 28.35 கிராம்தான். வந்த புதிதில் நான் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டேன். அவுன்ஸ் காட்டும் தராசு ஒன்று கைக்குக் கிடைத்தது. அது சாதாரண அவுன்ஸ் என்று யோசிக்கவில்லை. பதிவேட்டில் இருந்ததைவிட ஒவ்வொரு பாத்திரமும் கூடுதல் எடை காட்டியது. ஒரு முழு அலமாரியையும் 'பொருந்தவில்லை' என்று எழுதி வைத்தேன். இரண்டு வார வேலை வீணாயிற்று. அன்றிலிருந்து கிராமில் மட்டுமே எடை போட்டு, காகிதத்தில் டிராய்க்கு மாற்றுகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

இப்போது பாத்திரத்தைத் திருப்பி அடிப்பாகத்தைப் பாருங்கள். ஊசியால் கீறியதுபோல மெல்லிய எண்கள் தெரியும். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால்தான் சில கண்ணில் படும். 27, நடுவில் இரண்டு சிறு கோடுகள், பிறகு 14 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 27 அவுன்ஸ் 14 பென்னிவெயிட். தட்டார் கையிலிருந்து வந்த நாளிலோ, கல்லூரி கணக்கெடுத்த ஒரு நாளிலோ இருந்த எடை அது. கிராமில் 861.6. உங்கள் தராசு 846 காட்டுகிறது. அதாவது 27 அவுன்ஸ் 4 பென்னிவெயிட். குறைவு பத்து பென்னிவெயிட், 15 கிராமுக்குச் சற்று மேல். அதே பாத்திரம்தான், சந்தேகம் வேண்டாம். அந்தப் பதினைந்து கிராமும் முந்நூறு வருடம் துலக்கித் துலக்கித் துணியோடு போனது.

தேய்மானம் எப்போதும் குறைவைத்தான் காட்டும். எடை கூடியிருந்தால் எதையோ சேர்த்திருக்கிறார்கள். கைப்பிடி மாறியிருக்கலாம், பாதம் புதிதாக வைத்திருக்கலாம், டாங்கர்டுக்கு மூக்கு ஒட்டி ஜாடியாக்கியிருக்கலாம். விக்டோரியா காலத்தில் அப்படி ஆக்கியவை நிறைய. பெருமளவு குறைந்திருந்தால் முதலில் மூடியை நினையுங்கள். மூடியோடு சேர்த்துக் கீறிய எடையாக இருந்து, மூடி எங்கோ தனியாகக் கிடக்கலாம். ஒரு குவளையின் மூடி இன்னொரு குவளையின் மேல் பல ஆண்டுகளாக உட்கார்ந்திருந்ததை இந்த வழியில்தான் ஒருமுறை கண்டுபிடித்தேன். இரண்டையும் மாற்றி வைத்தபோது இரு எடைகளும் ஏட்டோடு ஒத்துப்போயின. விளிம்பும் 'டக்'கென்று உட்கார்ந்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

எடை உதவாத இடங்களும் உண்டு. காப்பி ஜாடிக்கு மரக் கைப்பிடி இருந்தால் அதன் எடையும் சேரும். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி மெழுகுவர்த்தித் தண்டுகள் பலவற்றில் மெல்லிய வெள்ளித் தகட்டுக்குள் தார் போன்ற கீலை நிரப்பியிருப்பார்கள். அங்கே தராசு எதுவும் சொல்லாது. கரண்டிகளை டஜன் கணக்கில் சேர்த்து எடை போட்டிருப்பார்கள். அதனால் காம்பில் இருக்கும் வரிசை எண்ணைப் பார்த்துக் கூட்டம் சேர்த்த பிறகே ஒப்பிட வேண்டும்.

படி 4: முத்திரையைப் படியுங்கள்

ஆங்கில வெள்ளியின் முத்திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தவை. 1300ஆம் ஆண்டுச் சட்டத்தில் சிறுத்தைத் தலை, 1363இல் செய்தவர் குறி, 1478இல் ஆண்டெழுத்து, 1544இல் நடக்கும் சிங்கம். சிங்கம் இருந்தால் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி, அதாவது ஸ்டெர்லிங் தரம். 1784 முதல் 1890 வரை வரி கட்டியதற்கு அடையாளமாக அரசர் தலை ஒன்றும் சேர்ந்தது. லண்டன் தவிர்த்து மற்ற ஊர்களுக்குத் தனிக்குறி உண்டு. 1773இல் தொடங்கிய பர்மிங்காம் தரச் சோதனைக்கூடத்துக்கு நங்கூரம், அதே ஆண்டு தொடங்கிய ஷெஃபீல்டுக்குக் கிரீடம். ஷெஃபீல்டின் கிரீடம் 1975இல் ரோஜாவாக மாறியது.

ஆண்டெழுத்தை அட்டவணையோடு ஒப்பிடும்போது, எழுத்து எது என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். லண்டனில் நெடுங்காலம் இருபது எழுத்துகளுக்கு ஒரு சுற்று. அதே எழுத்து இருபதாண்டுக்கு ஒருமுறை திரும்பி வந்தது. எழுத்தின் வடிவத்தையும் அதைச் சுற்றிய கேடயத்தின் வடிவத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் சுற்று பிடிபடும். 1660 வரை மே 19ஆம் தேதியும், அதன்பின் நெடுங்காலம் மே 29ஆம் தேதியும் எழுத்து மாறியது. ஆகவே ஓர் எழுத்து இரண்டு ஆண்டுகளில் கால் வைக்கும். 1685/6 என்றே எழுதுங்கள்.

புதியவர்களுக்கு மிகவும் பயன்படும் முத்திரை பிரிட்டானியா. காசுகளை வெட்டியும் உருக்கியும் பாத்திரம் செய்தார்கள் என்பதால், 1697 முதல் பாத்திர வெள்ளியின் தரத்தைக் காசின் தரத்துக்கு மேலே உயர்த்தினார்கள். ஆயிரத்துக்கு ஏறக்குறைய 958. நடக்கும் சிங்கத்துக்குப் பதில் உட்கார்ந்திருக்கும் பிரிட்டானியா பெண்ணுருவம் வந்தது. 1720 வரை அது கட்டாயம். பிறகு விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும். இப்போது ஒரு டாங்கர்டை எடுங்கள். 'எக்ஸ் டோனோ' வரியில் 1670களின் தேதி, அடியில் பிரிட்டானியா. போலி என்று பதறாதீர்கள். கல்லூரிகள் நசுங்கிய, பாணி பழசான பாத்திரங்களைத் தட்டாரிடம் கொடுத்து, எடைக்கு எடை கழித்து, புதிது வாங்கின. பழைய கொடையாளரின் பெயரையும் சின்னத்தையும் புதிய பாத்திரத்தில் மறுபடி செதுக்கச் சொன்னார்கள். உலோகம் போனாலும் கொடுத்தவரின் பெயர் போகக் கூடாது என்ற அக்கறை அது. எனக்கு இந்தச் சேகரிப்புகளில் மிகவும் பிடித்தது இந்தப் பழக்கம்தான். பர்சர் கணக்கில் அதே காலத்தில் தட்டாருக்குப் போன பழைய எடையையும், வந்த புதிய எடையையும், செய்கூலியையும் தேடுங்கள். பெரும்பாலும் கிடைக்கும். பதிவில் கொடையின் தேதி, பாத்திரத்தின் தேதி என்று இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். ஒன்றை அழித்து இன்னொன்றை வைத்தால் வரலாற்றில் பாதி போய்விடும்.

படி 5: ஒட்டு, மாற்று இருக்கிறதா என்று பாருங்கள்

பாத்திரத்தின் மேல் மெதுவாக வாயால் ஊதுங்கள். மூச்சின் ஈரம் படியும்போது, பற்றவைத்த இடங்களும் அழித்துவிட்ட செதுக்கல்களும் ஒரு கணம் கோடாகத் தெரிந்து மறையும். முத்திரையைச் சுற்றி வட்டமாகவோ சதுரமாகவோ ஒரு கோடு தெரிந்தால் கவனம். 1720 முதல் 1758 வரை அவுன்சுக்கு 6 பென்ஸ் வரி இருந்தது. சில தட்டார்கள் ஒரு சின்னச் சாமானுக்கு மட்டும் முத்திரை வாங்கி, அந்தத் துண்டைப் பெரிய பாத்திரத்தின் அடியில் பதித்து வரி தப்பினார்கள். பாத்திரம் அந்தக் காலத்ததாகவே இருக்கலாம்; ஆனால் முத்திரை அந்தப் பாத்திரத்துக்கு வாங்கியதில்லை. பார்த்ததைப் பார்த்தபடி எழுதுங்கள். தீர்ப்பு சொல்ல அவசரப்பட வேண்டாம்.

படி 6: புதிய பதிவை எழுதுங்கள்

அமெரிக்காவின் கெட்டி அறக்கட்டளை 1990களில் உருவாக்கிய ஆப்ஜெக்ட் ஐடி என்ற வரையறை இதற்கு நல்ல சட்டகம். பொருளின் வகை, உலோகம், அளவு, எழுத்துகளும் முத்திரைகளும், தனி அடையாளங்கள், தேதி, செய்தவர், புகைப்படம் எல்லாம் அதில் உண்டு. திருடுபோனால் காவல்துறைக்குக் கொடுக்க அப்படியே உதவும். 'தனி அடையாளங்கள்' பகுதியைப் பலரும் காலியாக விடுகிறார்கள். அங்கேதான் உயிர் இருக்கிறது. கைப்பிடிக்கு இடப்பக்கம் நகக்கண் அளவு நசுங்கல், விளிம்பில் ஒரு பழைய வெடிப்பை அடைத்த தடம் என்று எழுதுங்கள். ஒரே அச்சில் வார்த்த பன்னிரண்டு குவளைகளில் ஒன்றைப் பிரித்துக் காட்டுவது அந்த நசுங்கல்தான்.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஓர் எண். மூடி தனியாகக் கழன்றால் எண்ணோடு அ, ஆ என்று சேர்த்துக்கொள்ளுங்கள். எண்ணைப் பாத்திரத்தில் ஒருபோதும் கீறாதீர்கள். கண்ணாடிப் பெட்டியில் நிற்பவற்றுக்குப் பாராலாய்டு பி-72 என்ற, பின்னால் கரைத்து நீக்கக்கூடிய பிசின் பூச்சின் மேல் மையால் எழுதலாம். விருந்து மேசைக்குப் போகிறவற்றுக்குப் பருத்தி நூலில் கட்டிய அட்டை போதும். பழைய பதிவேட்டு எண்கள் எதையும் தூக்கி எறியாமல் புதிய பதிவில் ஒரு வரியாகச் சேருங்கள். இருப்பிடத்தையும் மதிப்பையும் மட்டும் தனி ஏட்டில் பூட்டி வையுங்கள். ஆய்வாளர்களுக்குக் காட்டும் பிரதியில் அவை வேண்டாம்.

கையாளும்போது நைட்ரைல் கையுறை. விரல் உப்பு வெள்ளியில் தடம் பதித்துவிடும். லேடெக்ஸ், ரப்பர், கம்பளி இவற்றில் இருக்கும் கந்தகம் கருக்க வைக்கும். கைப்பிடியைப் பிடித்துத் தூக்காமல் உடலை இரு கைகளாலும் ஏந்துங்கள். கருத்திருக்கிறதே என்று பதிவுக்கு முன் துலக்காதீர்கள். நீங்கள் தேடும் கீறல் எடையும் செதுக்கலின் கூர்மையும் அந்தத் துணியோடு போகக்கூடியவை. முலாம் இன்னும் சீக்கிரம் போகும்.

படி 7: வெளியே போவதும் உள்ளே வருவதும்

பழுதுபார்க்கவோ கண்காட்சிக்கோ ஒரு பாத்திரம் போகும் நாளில் படம் எடுத்து, எடை போட்டு, கொடுப்பவரும் வாங்குபவரும் ஒப்பமிடுங்கள். திரும்பி வந்த நாளில் மறுபடி எடை போட்டு, இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். விருந்துக்குப் போன உப்புக்கலத்திலிருந்து அன்றிரவே உப்பைக் கொட்டிக் கழுவித் துடைக்கச் சொல்லுங்கள். ஓர் இரவு போதும், உப்பு வெள்ளியை அரித்துவிடும். கழுவி வந்ததும் எண்ணிப் பார்த்து, தேதியும் உங்கள் பெயரும் போட்டு, நோட்டை மூடுங்கள்.